தூண் குறைந்தால் காசு போலியா?

பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற கோவை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கட்டடம் பொறித்த பழைய ரோமானிய மாகாணக் காசுகளை, அதாவது ரோமப் பேரரசுக்குக் கீழிருந்த நகரங்கள் தாங்களே அடித்த காசுகளை, சேர்க்கத் தொடங்கியிருக்கிறாராம். அவர் கடிதத்தின் சுருக்கம் இது:

"எபேசு நகரத்து வெண்கலக் காசு ஒன்றை வெளிநாட்டு ஏலத்தில் வாங்கினேன். கி.பி. மூன்றாம் நூற்றாண்டு என்று சொன்னார்கள். ஒரு பக்கம் பேரரசர் தலை, மறுபக்கம் ஆர்ட்டெமிஸ் கோயில். அந்தக் கோயிலுக்கு முகப்பில் எட்டுத் தூண் என்று படித்தேன். என் காசில் நான்குதான் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? இதே வகையில் இன்னொரு பெரிய காசும் விலைக்கு வருகிறது. தலைப்பக்கம் தேய்ந்திருந்தாலும் தூண்கள் நேற்று வெட்டியது போலத் துல்லியம். விலை மூன்று மடங்கு. வாங்கலாமா? கரூர்ப் பக்கம் ரோமானியக் காசு கிடைக்கிறதே, இந்த வகையை உள்ளூரிலேயே வாங்க முடியாதா? வாங்கியதை எப்படிப் பாதுகாப்பது?"

அன்புள்ள ஐயா,

நான்கு தூண் என்பதற்காக உங்கள் காசு போலி ஆகிவிடாது. அந்த இரண்டாவது காசுக்கு இப்போதைக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு பதிலுக்கும் காரணம் ஒன்றுதான். காசில் இருக்கும் கட்டடம் அளவெடுத்துப் போட்ட வரைபடம் அல்ல. நீங்கள் வாழ்நாளெல்லாம் வரைபடத்தோடு பழகியவர், அதனால்தான் தூணை எண்ணிவிட்டுக் கலங்கிப்போனீர்கள்.

எபேசு இன்றைய துருக்கியில் இருந்த நகரம். அங்கே கிரேக்கப் பெண் தெய்வமான ஆர்ட்டெமிஸுக்கு இருந்த கோயில் பழைய உலகத்தின் ஏழு அதிசயங்களில் ஒன்று. பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் படித்தவர்களுக்கு அது தியானாள் கோயில். வெள்ளியில் சின்னச் சின்னக் கோயில் செய்து விற்ற தெமேத்திரியு என்ற தட்டான் ஊரையே கூட்டிக் கலகம் செய்தது இந்தக் கோயிலை வைத்துத்தான். அந்தக் கோயிலுக்கு மொத்தம் 127 தூண் என்று எழுதி வைத்தவர் ரோமானிய எழுத்தாளர் பிளினி. இன்று அங்கே போனால், கிடைத்த துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒற்றைத் தூணும் சதுப்பு நிலமும்தான் இருக்கின்றன. கோயில் எங்கே இருந்தது என்பதே மறந்துபோய், ஜான் டர்ட்டில் வுட் என்ற ஆங்கிலேயர் பல ஆண்டுகள் தேடி 1869ல்தான் இடத்தைக் கண்டுபிடித்தார். ஆக, அதன் முகப்பு எப்படி இருந்தது என்று கேட்டால் நம் கையில் மிஞ்சியிருக்கும் முக்கியமான சாட்சி இந்தக் காசுகள்தான்.

அந்தச் சாட்சி தூண் விஷயத்தில் ஒரே பேச்சுப் பேசுவதில்லை. பேரரசர் கிளாடியஸ் காலத்து வெள்ளிக் காசில் நான்கு தூண். பிற்காலத்து வெண்கலக் காசுகளில் ஆறும் உண்டு, எட்டும் உண்டு. அத்தனையும் அதே கோயில். அச்சு வெட்டியவருக்குக் கிடைத்த இடம் இரண்டிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் விட்டம். அதிலும் ஓரத்தைச் சுற்றி நகரத்தின் பெயரை எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே இருக்கும் தெய்வம் தெரிய வேண்டும். உண்மையான கோயிலில் சிலை கருவறைக்குள் இருக்கும், தெருவில் நிற்பவர் கண்ணுக்குப் படாது. காசில் அது முடியாது. அதனால் நடுத்தூண்களை எடுத்துவிட்டு, அல்லது இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, தெய்வத்தை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார். உங்கள் காசிலும் நடு இடைவெளி மற்ற இடைவெளிகளைவிட அகலமாக இருக்கும், பாருங்கள். தமிழக அரசின் சின்னத்தில் இருக்கும் கோபுரத்தின் சிற்பங்களை எண்ணிப் பார்த்து, 'இது அந்தக் கோயில் இல்லை' என்று யாரும் சொல்வதில்லை அல்லவா? அதே கதைதான்.

அதற்காக, அச்சு வெட்டியவர்கள் மனம்போன போக்கில் போட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கோயிலை அடையாளம் காட்டும் அம்சத்தை அவர்கள் பெரும்பாலும் விடுவதில்லை. எபேசுக் காசில் கூரைக்குக் கீழே உள்ள முக்கோண முகப்பை உருப்பெருக்கியில் பாருங்கள். தேயாத நல்ல காசாக இருந்தால் அதில் திறப்புகள் தெரியலாம். கோயில் முகப்பின் உச்சியில் ஜன்னல் எதற்கு, இது கற்பனை என்று முன்பு பலர் நினைத்தார்கள். மியாண்டர் நதிக்கரை மக்னீசியாவில் இதே தெய்வத்தின் இன்னொரு கோயிலைத் தோண்டியபோது, முக்கோண முகப்பில் நிஜமாகவே மூன்று திறப்புகள் இருந்தது தெரியவந்தது. தூணைக் குறைத்தவர்கள் ஜன்னலைக் குறைக்கவில்லை. கட்டடக் காசு சேர்ப்பதில் எனக்கு ஆகப் பெரிய மகிழ்ச்சி இதுதான்: எதைச் சுருக்கினார்கள், எதை விடாமல் வைத்துக்கொண்டார்கள் என்று பிரித்துப் பார்ப்பது.

பாலஸ்தீனத்து நாப்ளூஸ், அதாவது பழைய நெயாபொலிஸ், அடித்த காசு இதற்கு இன்னும் நல்ல உதாரணம். பேரரசர் அந்தோனினஸ் பயஸ் காலத்தில் ஆரம்பித்த வகை. கெரிசீம் மலை, உச்சியில் கோயில், அடிவாரத்திலிருந்து ஏணி வைத்தது போல மேலே ஏறும் படிக்கட்டு, கீழே வரிசையாகத் தூண் மண்டபம். ஒரு முழு மலையையும் கட்டை விரல் அகலத்தில் அடக்கியிருக்கிறார்கள். 333ல் பிரான்சின் பொர்தோவிலிருந்து போன ஒரு யாத்திரிகர் அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் என்று குறித்து வைத்தார். 1960களில் அகழாய்வு செய்தவர்கள் கோயிலின் அடித்தளத்தையும் படிக்கட்டையும் கண்டார்கள். படிகளைக் கணக்காகப் போடவில்லை, ஆனால் படிக்கட்டு இருந்த இடம் சரி.

துருக்கியில் இருந்த இன்னொரு நகரமான பெர்கமோனின் பெரிய பலிபீடத்தையும் சொல்ல வேண்டும். கார்ல் ஹூமன் 1878ல் தோண்டத் தொடங்கி, இப்போது பெர்லினில் இருக்கிறதே, அதேதான். செப்டிமியஸ் செவரஸ் காலத்துப் பெரிய வெண்கலக் காசு ஒன்றில் அது இருக்கிறது. இரண்டு பக்கமும் திமில் வைத்த காளைகள் நிற்கின்றன. பெர்லினில் எவ்வளவு நேரம் நின்று பார்த்தாலும் அந்தக் காளைகளைப் பார்க்க முடியாது.

சரி, நகரங்கள் ஏன் கோயிலையே திரும்பத் திரும்பப் போட்டன? போட்டிதான். பேரரசர் வழிபாட்டுக்குக் கோயில் கட்டிக்கொள்ள ரோம் அனுமதி தந்த நகரத்துக்கு 'நியோகோரோஸ்' என்ற பட்டம் கிடைக்கும். எபேசு, சிமிர்னா, பெர்கமோன் மூன்றும் இதற்காக ஒன்றோடொன்று மல்லுக்கட்டின. காரகல்லா காலத்தில் பெர்கமோன் மூன்று கோயிலைக் காசில் அடித்தது. அடுத்து எலகபாலஸ் காலத்தில் எபேசு நான்காவது பட்டம் வாங்கி, நான்கு கோயிலையும் ஒரே காசில் போட்டது. அந்தப் பேரரசர் கொல்லப்பட்டதும் நான்காவது பட்டம் பறிபோனது. இது சேகரிப்பவருக்கும் உதவும். இந்த வகைக் காசில் எழுத்திலேயே எத்தனையாவது பட்டம் என்று கிரேக்க எண் எழுத்து இருக்கும். கோயில் எண்ணிக்கை, அந்த எழுத்து, மறுபக்கத்துப் பேரரசர் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பது நல்ல சோதனை.

இப்போது உங்கள் இரண்டாவது காசுக்கு வருகிறேன். இதில் சற்று நிதானமாகப் படியுங்கள், பணம் போகிற இடம் இது.

கட்டடக் காசுகளில் முழுப் போலியைவிட அதிகம் ஏமாற்றுவது, அசல் காசைத் திருத்தி விற்பது. வியாபாரத்தில் இதை 'டூலிங்' என்பார்கள். கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷப் பழைய நல்ல காசுதான், தேய்ந்திருக்கும். ஒருவர் அதை எடுத்து, நுண்ணிய உளியால் தூணுக்குப் பக்கத்தில் இருக்கும் உலோகத்தைச் சுரண்டிவிடுவார். தூண் தானாக மேலே எழுந்தது போல ஆகிவிடும். தூணில் நெடுக்குக் கோடு போடுவார், படிகளைக் கூட்டுவார், கூரைக்கு ஓடு வரைவார். மேலே செயற்கையாகப் பச்சைக் களிம்பு ஏற்றினால் வேலை முடிந்தது. ஒரு முகத்தைத் திருத்தக் கைத்திறன் வேண்டும். தூண் என்பது வெறும் நேர்க்கோடு, யாரும் செய்துவிடலாம். அதனால்தான் இந்த வகையில் இந்தக் கோளாறு இவ்வளவு அதிகம். ஐயோ, எத்தனை நல்ல காசுகள் இப்படிக் கெட்டுப்போயின! அந்த உளி அழித்தது அழித்ததுதான். பழைய அச்சுக்காரர் என்ன போட்டார் என்பது அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லூப், அதாவது சிறிய உருப்பெருக்கி, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் தேய்மானம் இரண்டு பக்கமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பேரரசரின் கன்னமும் காதும் மழுங்கியிருக்கும்போது, மறுபக்கம் தூணின் விளிம்பு மட்டும் கத்தி போல நிற்கிறதென்றால் விளக்கம் வேண்டும். அடுத்து, கோயிலைச் சுற்றியுள்ள எழுத்துகள். எழுத்தும் தூணும் ஒரே அடியில் பிறந்தவை. எழுத்து மொழுக்கென்று இருக்க, தூண் மட்டும் துல்லியமாக இருக்க வழியில்லை. அப்புறம், தூணுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள பள்ளத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே மெல்லிய இணைக்கோடுகள் ஓடினாலோ, காசின் மற்ற சமதளத்தைவிட அந்த இடம் மட்டும் தாழ்ந்திருந்தாலோ, அது உளி போன தடம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அந்தக் காசு முதல் சோதனையிலேயே தடுமாறுகிறது. படத்தை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனால் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடிய காசு அது அல்ல.

இதையெல்லாம்விட உறுதியான வழி, அச்சு ஒப்பீடு. ஒரே அச்சில் பல காசுகள் அடிப்பார்கள். 'ரோமன் ப்ராவின்ஷியல் காயினேஜ்' என்ற பெரும் பட்டியல் 1992ல் முதல் தொகுதியாக வெளிவந்தது. அதன் இணையப் பதிப்பை ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகம் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. நகரம், பேரரசர், பின்பக்க உருவம் என்று கொடுத்துத் தேடலாம். உங்கள் இரண்டு காசுக்கும் அதே அச்சில் பிறந்த உடன்பிறப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். அருங்காட்சியகக் காசில் வெறுமையாக இருக்கும் இடத்தில் விலைக்கு வரும் காசில் ஓடு வரிசை தெரிந்தால், அந்த ஓட்டை வேய்ந்தவர் நம் காலத்து ஆள்தான்.

முழுப் போலியைக் கண்டுபிடிக்க ஓரத்தைப் பாருங்கள். அடிக்காமல், வார்ப்பு அச்சில் ஊற்றி எடுத்த காசுக்கு ஓரத்தில் பொருத்துக் கோடோ, அதை அரம் வைத்துத் தேய்த்த அடையாளமோ இருக்கும். மேற்பரப்பில் குட்டிக் குட்டிக் குமிழ்க் குழிகள் இருக்கும். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: நடுமையத்தில் இருக்கும் ஒற்றைச் சிறு குழி. காசு வில்லையைத் தயார் செய்தபோது ஏற்பட்டது அது. மாகாண வெண்கலக் காசுகளில் சர்வசாதாரணம். ஆர்ட்டெமிஸின் வயிற்றிலேயே அந்தக் குழி விழுந்திருந்தாலும் பயப்பட வேண்டாம். அதைப் பூசி மறைத்திருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

கரூர் பற்றிய கேள்வி. தமிழ்நாட்டில் புதையலாகக் கிடைத்த ரோமானியக் காசுகளில் பெரும்பங்கு அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளி தினாரிகள். அகஸ்டஸ் காசில் கேடயத்தோடு நிற்கும் இரண்டு இளவரசர்கள், திபேரியஸ் காசில் உட்கார்ந்திருக்கும் பெண். இவை பேரரசின் பொதுக் காசுகள். மாகாணக் காசு அப்படி அல்ல. எபேசின் வெண்கலத்துக்கு எபேசுச் சந்தையில்தான் மதிப்பு, கடல் தாண்டி மிளகு வாங்க அது உதவாது. வெள்ளியும் தங்கமும்தான் இங்கே வந்தன. கரூரிலும் மதுரையிலும் கிடைக்கும் குட்டிச் செப்புக் காசுகள் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுக்கு உரியவை; அப்போது நகரங்கள் தங்கள் காசை அடிப்பதையே நிறுத்தியாகிவிட்டது. ஆக, நீங்கள் தேடுவது அமராவதி ஆற்று மணலில் கிடைக்காது. 'ஆற்றில் கிடைத்த எபேசுக் காசு' என்று யாராவது கொண்டுவந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நிஜமாகவே மண்ணில் கிடைத்த பழங்காசாக இருந்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அது மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்கப்பட வேண்டியது. நீங்கள் வாங்கக் கூடாது.

நம் ஊர்த் தொடர்போடு ஒரு கட்டடக் காசு வேண்டும் என்று ஆசை இருந்தால் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த கலங்கரை விளக்கத்தைத் தேடுங்கள். முசிறியிலிருந்து ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் போன சரக்கைப் பற்றி பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய ஒப்பந்தம் வியன்னாவில் இருக்கிறது. செங்கடல் கரையில் இறக்கி, ஒட்டகத்தில் ஏற்றி, நைல் வழியாக அலெக்சாந்திரியா கொண்டுபோய், அங்கே நாலில் ஒரு பங்கு வரி. அந்தத் துறைமுகத்துக்கு மேலே நின்ற கலங்கரை விளக்கம்தான் டொமிஷியன் காலம் முதல் கொமோடஸ் காலம் வரை காசில் வருகிறது. நிலை நிலையாக மேலே குறுகும் கோபுரம், தரையிலிருந்து சற்று உயரத்தில் வாசல், மூலைகளில் சங்கு ஊதும் டிரைட்டன்கள் (மீன்வால் கொண்ட கடல் தேவர்கள்), உச்சியில் சிலை. சில காசுகளில் பாய் விரித்துப் பிடித்தபடி இசிஸ் தேவி எதிரே நிற்பாள். பதினான்காம் நூற்றாண்டு நிலநடுக்கங்களில் கலங்கரை விளக்கம் விழுந்துவிட்டது. சேர நாட்டு மிளகு இத்தாலிக்குக் கப்பல் ஏறிய இடத்தைப் பார்த்தவர் கையால் வெட்டிய படம் அது. அலெக்சாந்திரியக் காசில் பேரரசரின் ஆட்சியாண்டும் பொறித்திருப்பதால் எந்த வருஷம் அடித்தது என்றுகூடச் சொல்லிவிடலாம். விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் தகும்.

ஆரம்பத்திலேயே அவ்வளவு செலவு வேண்டாம் என்றால், இன்றைய பல்கேரியாவில் இருந்த நிக்கோபொலிஸ், மார்க்கியானோபொலிஸ் நகரங்களின் கோட்டை வாசல் காசுகள் நல்ல தொடக்கம். நிறைய அடித்தார்கள், அதனால் எட்டும் விலையில் கிடைக்கும். கோபுரங்கள், கல் வரிசை எல்லாம் தெரியும். பாலம் உங்களுக்குப் பிடிக்கும் என்று ஊகிக்கிறேன். மியாண்டர் நதி அந்தியோக்கியாவின் பாலமும், வலேரியன் காலத்து மொப்சுவெஸ்தியா பாலமும் காசில் உண்டு. ஆனால் அரிது, ஏலத்தில் போட்டி கடுமையாக இருக்கும். அவற்றை இப்போதைக்கு இணையப் பட்டியலில் பார்த்து ரசியுங்கள்.

எங்கே வாங்கினாலும் காசு இதற்கு முன் யாரிடம் இருந்தது என்று எழுத்தில் கேளுங்கள். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. சிரியாவின் அபாமியாவில் உள்நாட்டுப் போர் ஆரம்பித்த பிறகு, நகரம் முழுக்கத் திருட்டுக் குழிகளாக மாறியதைச் செயற்கைக்கோள் படங்களில் உலகமே பார்த்தது. ஒவ்வொரு குழியிலும் ஒரு தெருவின், ஒரு வீட்டின் வரலாறு அழிந்திருக்கிறது. துருக்கியில் தோண்டி எடுத்துக் கடத்துவது குற்றம். பழைய ஏலப் பட்டியலில் படத்தோடு வந்த காசு என்றால் நிம்மதி. 'ஒரு ஐரோப்பியச் சேகரிப்பிலிருந்து' என்ற ஒற்றை வரி எனக்குப் போதாது, உங்களுக்கும் போதக் கூடாது. நம் சட்டத்தையும் நினைவில் வையுங்கள்: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள். முறையாகச் சுங்கத்தில் சொல்லிக் கொண்டுவந்த பின், அதை நீங்களாக வெளிநாட்டுக்குத் திருப்பி விற்க முடியாது. அதனால் முதலீடு என்று கணக்குப் போட்டு வாங்காதீர்கள். சுங்க ரசீதைக் காசோடு சேர்த்தே வைத்திருங்கள்.

பாதுகாப்பு: புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள், எலுமிச்சையும் வேண்டாம். அந்தப் பச்சைக் களிம்புதான் காசின் தோல். அதற்குள்தான் நுண்ணிய விவரம் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் வெளிர்பச்சையாக, தொட்டால் மாவு போல உதிரும் புள்ளி தெரிந்தால் அது நோய். உலோகத்துக்குள் இருக்கும் குளோரைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அரித்துக்கொண்டே போகும். அந்தக் காசை உடனே தனியே வைத்து, உலோகப் பாதுகாப்புத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மற்றவற்றை மூடி இறுகிய டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். மழைக்காலத்தில் ஜெல்லை அடிக்கடி மாற்றுங்கள். கடையில் கிடைக்கும் மெத்தென்ற பி.வி.சி. உறையில் போட வேண்டாம், பசை கசிந்து காசில் ஒட்டும். மைலர் என்ற பாலியஸ்டர் உறை நல்லது.

உங்கள் எபேசுக் காசின் எடையை இரண்டு தசமம் வரை எழுதி, விட்டத்தையும் குறித்து, இரண்டு பக்கமும் ஓரமும் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களை அனுப்புங்கள். முக்கோண முகப்பை மட்டும் தனியாக, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஒரு படம் எடுங்கள். எந்த அச்சு என்று தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.